வண்டிக்குத் தேதி கிடையாது, உமையாள்

உமையாள் ஆத்தா,

நீ வாங்கியிருக்கிற பழைய காரின் படங்களையெல்லாம் கடைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பு நன்றாகத்தான் இருக்கிறது. 1968 டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, வலதுபக்க ஸ்டியரிங், இன்ஜின் நம்பரும் ஆர்.சி. புத்தகமும் ஒத்துப்போகிறது, விலையும் நான் பயந்த அளவுக்கு இல்லை. உங்க ஆத்தா கேட்டது ஒரே கேள்வி, அதில் ஏசி இருக்கா என்று. கதவுக்குக் கண்ணாடி இருக்கிறதே பெரிசு என்று சொல்லிவைத்தேன்.

ஆனால் பிள்ளையார் நோன்புக்கு அந்த வண்டியிலேயே வந்து இறங்குகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். வராதே என்று சொல்லவில்லை. லாரியில் ஏற்றி அனுப்பு என்று சொல்கிற ஆளும் நான் இல்லை, ஓட்டத்தானே வாங்கினாய். புனேயிலிருந்து காரைக்குடிக்கு 1,250 கிலோமீட்டருக்கு மேல், வண்டியோ வருஷக்கணக்கில் ஷெட்டில் கிடந்தது. கார்த்திகை தீபத்திலிருந்து 21ஆம் நாள் நோன்பு, அது யாருக்காகவும் தள்ளிப்போகாது. வண்டிக்கு அப்படித் தேதி எதுவும் கிடையாது. தயாராகவில்லையென்றால் நீ ரயிலில் வந்து நோன்பின் இழை (திரி ஏற்றிய மாவு) எடுத்துக்கொண்டு போ, வண்டி தையில் வரட்டும், மாசியில்கூட வரட்டும்.

அந்த வண்டியின் உள்விவகாரம் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஐயா வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டலூரில் செய்தது. இங்கிலாந்தில் அந்த ஹெரால்டு சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தைத்தான், சுருக்கி மாற்றி ஸ்பிட்ஃபயர் ஆக்கினார்கள், இரண்டையும் வரைந்தவரும் மிக்கலோட்டி என்கிற ஒரே இத்தாலிக்காரர். அதனால் ஹெரால்டுக்கு இருந்த நோய் பாதி உன் வண்டிக்கும் இருக்கும்.

முக்கியமானது முன்சக்கரம். சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்து இரும்பின் அடியில் பித்தளையில் ஒரு டிரன்னியன் இருக்கும், இரும்பின் மரை அந்தப் பித்தளைக்குள் இறங்கி நிற்கும், நீ ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் எல்லாம் சுற்றுகிறது. அதற்கு ஈ.பி. 90 கியர் ஆயில் விட வேண்டும், கிரீஸ் கூடாது. நிப்பிள் மாதிரி ஒன்றைக் கண்டால் மெக்கானிக் கை தானாக கிரீஸ் கன்னுக்குப் போகும். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காமல் கட்டிநிற்கும், தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடிக்கும், அப்புறம் ஒரு நாள் இரும்பு முறிந்து சக்கரம் பக்கவாட்டில் மடிந்துவிடும். செக்காலை ரோட்டில் அப்படி உட்கார்ந்த ஹெரால்டைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மெதுவாகத் திரும்பும்போது நடந்ததால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நெடுஞ்சாலையில் 80இல் நடந்தால் கதை வேறு. ஆகவே இரண்டு பக்கமும் கழற்றச் சொல், மரையை மண்ணெண்ணெயில் கழுவி நீயே உன் கண்ணால் பார். துரு தின்ற பள்ளம் தெரிந்தால் யோசிக்காமல் மாற்று. வலதுக்கும் இடதுக்கும் மரை எதிரெதிர்த் திசை, மாற்றி வாங்கிவிடாதே.

இன்னொன்று, இது எந்தப் பணமும் இல்லாமல் இரண்டு நிமிஷத்தில் நீயே பார்க்கக்கூடியது. பானெட்டைத் தூக்கிவிட்டு, இன்ஜின் நின்றிருக்கும்போது ஒருத்தரைக் கிளட்ச் மிதித்து மிதித்து விடச் சொல். நீ இன்ஜின் முன்னால் பெல்ட் ஓடுகிற கிராங்க் புல்லியையே பார்த்துக்கொண்டிரு. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அது முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க் ஷாஃப்டை நகராமல் பிடிக்கிற திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த இன்ஜினில் அது அரைவட்டத் துண்டாக இருக்கும், ரொம்பத் தேய்ந்தால் கழன்று ஆயில் சம்ப்பில் விழுந்துவிடும், அதற்கு மேல் ஓட்டினால் கிராங்க் ஷாஃப்ட் பிளாக்கையே தின்றுவிடும். நகர்ந்தால் பயணம் ரத்து, அவ்வளவுதான். சம்ப்பை இறக்கி வாஷரை மாற்றிவிட்டு அப்புறம் பேசலாம். சிக்னலில் நிற்கும்போது கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்கிற உன் பழக்கத்தையும் விட்டுவிடு, நியூட்ரலில் போடு.

பிரேக் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் இது தெரிந்திருக்காது: உன் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்கே ஒரு இடத்தில் கசிந்தாலும் பெடல் மொத்தமாகத் தரைக்குப் போய்விடும். இப்போதைய கார்களில் இருக்கிற மாதிரி பாதி பிரேக் மிச்சம் இருக்காது. அதனால் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், முன் காலிப்பர் எல்லாவற்றுக்கும் புது ரப்பர், நாலு ஹோஸ் பைப்பும் புதுசு. வெளியே நன்றாகத் தெரிகிற ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொண்டிருக்கும், பார்வையை நம்பாதே. பழைய பிரேக் ஆயில் தண்ணீரை உறிஞ்சியிருக்கும், முழுக்க வடித்துவிடு. ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று சரிவில் நிறுத்திப் பார், அதுதான் உன் இரண்டாவது பிரேக்.

பெட்ரோல் விஷயத்தில் இன்றைக்குப் புதுத் தொல்லை ஒன்று சேர்ந்திருக்கிறது. பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1968இல் செய்த ரப்பருக்கு அது ஆகாது, பைப் இளகி வெடிக்கும், பம்ப்பில் இருக்கிற டயஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வும் போகும். எத்தனாலைத் தாங்குகிற ஹோஸ் கேட்டு வாங்கி முழு லைனையும் மாற்று, பம்ப்புக்கும் அந்த மாதிரி டயஃப்ரம் கிட் போடு. டேங்க் உன் சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது, கசிந்தால் வாசம் முதலில் உனக்குத்தான் வரும், அந்த வாசத்தைப் பழைய வண்டி வாசம் என்று ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. டேங்க்கைக் கழற்றித் துருவைக் கழுவி, பம்ப்புக்கு முன்னால் ஒரு காகித ஃபில்டர் வை. தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

ரேடியேட்டரை எடுத்துத் தலைகீழாகத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல். புது தெர்மோஸ்டாட், புது ஹோஸ், ஃபேன் பெல்ட் இரண்டு: ஒன்று வண்டியில், ஒன்று டிக்கியில். பிளக்குக்குத் தீப்பொறி தருகிற பாயிண்ட், ரோட்டார், கண்டென்சர் எல்லாம் புதுசு போட்டாலும், ஓடிக்கொண்டிருந்த பழைய கண்டென்சரை வீசிவிடாதே, துணியில் சுற்றி வை. இப்போது வருகிற கண்டென்சர்களில் பாதி எனக்குத் திருப்தியில்லை, கடைக்காரன் நானே சொல்கிறேன்.

டயர் பற்றிக் கவலை வேண்டாம். உன் வண்டியில் இருப்பது சாதா இரும்புச் சக்கரம்தான், 145/80 ஆர் 13 போதும், பழைய வேகன் ஆருக்குப் போட்ட அதே அளவு, எங்கேயும் கிடைக்கும். இப்போது இருப்பதில் பட்டன் நிறைய இருக்கிறது என்று விற்றவர் சொன்னாராம், பக்கவாட்டில் கடைசி நாலு எண்ணைப் படி, முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். மூன்று எண்தான் இருந்தால் 2000க்கு முந்தியது, படம் எடுத்து வைத்துக்கொண்டு தூக்கிப் போடு.

ஓட்டுகிற விதத்திலும் ஒன்று. மார்க் 3இன் பின் ஆக்சில் நடுவில் மட்டும் மடங்குகிற பழைய அமைப்பு. வளைவுக்குள் வேகமாகப் போய்விட்டு, பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து சடாரென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடிந்து வண்டி சுழன்றுவிடும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொள், உள்ளே போனபின் லேசாக மிதித்தபடியே வெளியே வா. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது மூன்றாவது கியரில் இறங்கு, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் வழிவிட்டுப் போகச் சொல், நீ போட்டிக்குப் போகாதே. சமதளத்திலும் 80 போதும், ஓவர்டிரைவ் (இன்ஜின் சுற்றைக் குறைக்கிற கூடுதல் கியர்) இல்லாத வண்டி, 100இல் இன்ஜின் கிட்டத்தட்ட 4,000 சுற்று சுற்றும்.

இதெல்லாம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதே. முதலில் உன் தெருவைச் சுற்று, அப்புறம் சதாரா ரோட்டில் கொஞ்ச தூரம், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் லோனாவாலா போய்த் திரும்பு. வந்ததும் எல்லா நட்டையும் திரும்ப இறுக்கு, அடியில் அட்டை விரித்து எது சொட்டுகிறது என்று பார். ஆயில் கொஞ்சம் சொட்டும், அது பரவாயில்லை. பிரேக் ஆயிலும் பெட்ரோலும் ஒரு சொட்டுகூடக் கூடாது. அப்படி ஒரு மாசம் ஓடிய வண்டியை நான் நம்புவேன்.

மூன்று நாளாகப் பிரித்துக்கொள்: ஹூப்ளி, பெங்களூரு, அப்புறம் வீடு. மூன்றும் ஏறக்குறைய சமமான தூரம். இருட்டினபின் ஓட்டாதே, அந்த ஹெட்லைட்டை நம்பி மாடு நிற்பதைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. நாமக்கல்லிலிருந்து முசிறி வழியாகக் காவிரி ஓரமாகவே வா, திருச்சி தாண்டினால் புதுக்கோட்டை, திருமயம், உனக்குத் தெரிந்த ரோடுதான்.

காகிதம்: வண்டியைப் பேர் மாற்றுகிற படிவம் 29, 30இல் விற்றவரிடம் கையெழுத்து வாங்கினாயா? இன்சூரன்ஸை உன் பேருக்கு 14 நாளுக்குள் மாற்ற எழுதிக்கொடு. 50 வருஷம் தாண்டின வண்டி என்று விண்டேஜ் பதிவு செய்துகொள்ளச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். நம்பர் பிளேட் அழகாக இருக்கும், ஆனால் 2021இல் வந்த அந்த விதிப்படி கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது மாதிரி காரியத்துக்குத்தான் வெளியே எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. சாதாரணப் பதிவே இருக்கட்டும்.

இங்கே நான் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பின்தெருக் கார் ஷெட்டின் வாசற்படி ஐயா காலத்து உயரம், ஹெரால்டே அடி தட்டித்தான் ஏறும், உன் வண்டி அதைவிடத் தாழ்வு. கொத்தனாரை விட்டு நீளமாகச் சரிவு போடச் சொல்லியிருக்கிறேன். சைலன்சருக்கும் தரைக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று, நீ சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது யாரையாவது அளக்கச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் எழுது. கொத்தனார் அப்புறம் தேவகோட்டை வேலைக்குப் போய்விடுவாராம்.

அன்புடன்,
அப்பச்சி