ஒயிட் கோல்டு நகைகளின் முலாம் விவரத்தைப் பில்லில் எழுதக் கோரும் மனு

அனுப்புநர்:
தையல் தொழிலாளி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.
(பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில் உள்ளன.)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம் - 636001.

நாள்: 10.03.2025, திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள்

பொருள்: ஒயிட் கோல்டு (வெள்ளைத் தங்கம்) நகைகளின் மேல் பூசப்படும் ரோடியம் என்ற வெள்ளை உலோக முலாம் பற்றி விற்கும்போதே சொல்லவும், பில்லில் தமிழில் எழுதவும் நகைக்கடைகளுக்கு அறிவுறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் முப்பது வருடம் முலாம் போட்டவர். அவர் மகளான நானே முலாம் போட்ட நகையை முலாம் என்று தெரியாமல் வாங்கி வந்திருக்கிறேன். வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

2024 ஆவணியில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு ஏற்காடு, காபித் தோட்டத்தில் வேலை. "மஞ்சளா வேண்டாம் அத்தை, வெள்ளையா இருந்தா நல்லாருக்கும்" என்று ஆசைப்பட்டார். சேலத்தில் ஒரு நகைக்கடையில் ஒயிட் கோல்டு மோதிரம் எடுத்தோம். 18 கேரட், 4.2 கிராம், கல் கிடையாது. செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. "இது கறுக்குமா தம்பி?" என்று கேட்டேன். வெள்ளி ஊர்க்காரிக்கு முதலில் வாயில் வரும் கேள்வி அதுதானே. "இது வெள்ளி இல்லக்கா, தங்கம். ஆயுசுக்கும் இப்படியேதான் இருக்கும்" என்றார் விற்ற தம்பி.

இந்தத் தையில் தலைப்பொங்கல் சீர் வைக்க ஏற்காடு போனோம். வாங்கி ஐந்து மாதம்கூட முழுசாக ஆகவில்லை. மோதிரத்தின் மேல்பக்கம் வெள்ளையாக இருந்தது, உள்ளங்கைப் பக்கம் வெளிறிய மஞ்சளாகிவிட்டது. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. சம்பந்தியம்மாதான் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்க, மேலே ஏதாவது முலாம் போட்டதா?" என்று மெதுவாகக் கேட்டார். "முலாமா? எங்க வீட்டுலயா?" என்று அடித்துப் பேசிவிட்டேன். மலையிலிருந்து இறங்கிய 20 கொண்டை ஊசி வளைவுக்கும் எனக்கு அந்த நினைப்புதான்.

மறுவாரம் கடைக்குப் போனேன். முதலில் "மாப்பிள்ளைக்கு உடம்புச் சூடு அதிகம்" என்றார்கள். அப்புறம் "தோட்டத்துல மருந்து அடிச்சிருப்பார்" என்றார்கள். கடைசியில் 1,200 ரூபாய் கொடுத்தால் "பாலிஷ்" போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். மாற்றிக் கேட்டதற்குச் செய்கூலி, சேதாரத்தைக் கழித்துக்கொண்டுதான் எடுப்போம் என்றார்கள்.

தங்கமே மட்டமோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. மோதிரத்தின் உள்ளே பொறித்திருந்த ஆறு எழுத்து எச்யூஐடி எண்ணை, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஹால்மார்க் அடையாள எண்ணை, இந்திய தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பார்த்தேன். 18 கேரட் என்று சரியாகவே காட்டியது. அப்படியும் மனசு கேட்காமல் ஹால்மார்க் மையத்துக்கு எடுத்துப் போனேன். மஞ்சள் தெரிந்த இடத்திலேயே மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். 750தான், அதாவது நூற்றுக்கு 75 பங்கு தங்கம். அங்கிருந்த பெரியவர்தான் விஷயத்தைச் சொன்னார்: "தங்கத்துல குறை இல்லம்மா. மேல இருந்த ரோடியம் தேஞ்சிருக்கு."

தங்கம் எப்போதும் மஞ்சள்தான். அதோடு பல்லேடியமோ நிக்கலோ, கொஞ்சம் வெள்ளி, துத்தநாகம் என்று கலந்து நிறத்தை வெளுக்க வைக்கிறார்கள். அப்படியும் லேசான மஞ்சள் மிச்சம் இருக்கும். கடைக் கண்ணாடிக்குள் பளீரென்று மின்னும் அந்த வெள்ளை, பெரும்பாலும் மேலே பூசிய ரோடியத்தின் நிறம். அந்தப் பூச்சின் கனம் வழக்கமாக ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவு. காதுத் தோட்டில் வருடக்கணக்கில் நிற்கும். மோதிரத்திலோ மண்வெட்டிப் பிடியும் கூடையும் உரசும் உள்ளங்கைப் பக்கத்தில்தான் முதலில் தேயும். உடம்புச் சூட்டைப் பழி சொல்ல வேண்டியதே இல்லை. பிளாட்டினத்தின் நிறம் இயற்கையிலேயே வெள்ளை என்பதால் அதற்கு இந்தப் பூச்சு தேவையில்லை. பக்கத்துப் பக்கத்துத் தட்டில் வைத்து விற்கும்போது வாங்குபவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்?

முலாம் தேய்வதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. தேயாத முலாம் கிடையாது என்று என் அப்பாவே சொல்வார். கொலுசு வாங்க வருபவர்களிடம் எத்தனை டச் (வெள்ளியின் தூய்மை அளவு) என்பதையும், முலாம் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் அவர் முதலிலேயே சொல்லிவிடுவார். நகைக்கடையில் எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் கிடைக்கவில்லை. தெரிந்திருந்தால் மாப்பிள்ளைக்குப் பிளாட்டினமோ மஞ்சள் தங்கமோ எடுத்திருப்பேன், அல்லது தெரிந்தே இதை வாங்கியிருப்பேன். சம்பந்தியம்மா கேட்டபோது உண்மையைச் சொல்லியிருப்பேன்.

2023 ஏப்ரல் 1 முதல் எச்யூஐடி எண் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. தரம் குறைந்திருந்தால் குறைவின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கு இழப்பீடும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்று பிஐஎஸ் விதிகள் சொல்கின்றன. நல்ல விதிகள்தான். ஆனால் ஹால்மார்க் தங்கத்தின் தரத்துக்கு மட்டுமே சாட்சி, நிறத்துக்கு அல்ல. அதனால் அந்த வழி எனக்கு உதவாது. பில்லில் நகையின் விவரம், நிகர எடை, கேரட், ஹால்மார்க் கட்டணம் எல்லாம் முறைப்படி இருக்கின்றன. ரோடியம் என்ற சொல்லை மட்டும் காணோம்.

பொருளின் தரம், தூய்மை, விலை பற்றி அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. சரியாகச் சோதித்துப் பார்க்காமல் ஒரு பொருள் இவ்வளவு காலம் உழைக்கும் என்று உறுதி கொடுப்பதை அதே சட்டம் நேர்மையற்ற வணிக முறை என்கிறது. "ஆயுசுக்கும்" என்ற சொல்லுக்கு இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு, கடையில் ஒருமுறை இலவசமாக முலாம் போட்டுத் தருவதாக வாயளவில் சொல்லியிருக்கிறார்கள். எழுதிக் கொடுக்க மறுக்கிறார்கள். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத் தனியாகப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. தங்களிடம் கேட்பது வேறு.

ஏப்ரல் 30 அட்சய திருதியை. அதற்கு முன் மாவட்ட வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர் மூலம் நம் மாவட்ட நகைக்கடைக்காரர்களை அழைத்துப் பேச வேண்டுகிறேன். ஒயிட் கோல்டு விற்கும் ஒவ்வொரு பில்லிலும் "ரோடியம் முலாம் பூசியது, நாளடைவில் தேயும்" என்று தமிழில் எழுதச் சொல்ல வேண்டும். மறுமுலாம் போட அந்தக் கடையில் என்ன கட்டணம், எத்தனை முறை இலவசம் என்பதும் அதில் வர வேண்டும். நிக்கல் கலந்திருந்தால் அதையும் எழுத வேண்டும், ஏனென்றால் முலாம் தேய்ந்த பிறகு நிக்கல் தோலில் பட்டுச் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வருகின்றன.

இன்னொன்று, பட்டறைக்காரர் மகளாகச் சொல்கிறேன். மறுமுலாம் போடுவதற்கு முன் நகையைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் துளியூண்டு தங்கம் போகும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடை போட்டு ரசீது தருவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

தங்கள் அதிகாரத்துக்குள் வராத பகுதி இருந்தால், அதை இந்திய தர நிர்ணய அமைவனத்துக்குப் பரிந்துரையுடன் அனுப்பி வைக்குமாறும், பள்ளிகளில் உள்ள குடிமக்கள் நுகர்வோர் மன்றங்களில் இதையும் ஒரு பாடமாகப் பேச ஏற்பாடு செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: பில் நகல், சோதனைச் சீட்டு நகல், மோதிரத்தின் இரு பக்கப் புகைப்படங்கள். மோதிரம் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். அலுவலர் பார்க்க விரும்பினால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்