590 எதற்கு?

அன்புள்ள பிளஸ் டூ பெற்றோர்களுக்கு,

வணக்கம். முதல் திருப்புதல் தேர்வு முடிந்துவிட்டது. அடுத்து செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. வழக்கமாக இந்தச் சமயத்தில் நான் எழுதுகிற கடிதம் உங்களுக்கே மனப்பாடமாகியிருக்கும்: டி.வி.யை நிறுத்துங்கள், போனை வாங்கி வையுங்கள், கல்யாணம் காதுகுத்து என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இந்த முறை அதையெல்லாம் விட்டுவிட்டு வேறொன்றைப் பற்றி எழுதுகிறேன்: பிள்ளைகள் எதற்காகப் படிக்கிறார்கள். அதில் என் தவறும் இருக்கிறது.

அரையாண்டில் வேதியியல் தேர்வு அன்று, அறைக் கண்காணிப்பில் இருந்த ஆசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். நன்றாகப் படிக்கிற மாணவி ஒருத்தி. வினாத்தாள் கொடுத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. விடைத்தாளில் தேர்வு எண்ணைத் தவிர ஒன்றுமில்லை. அதுவும் உள்ளங்கை வியர்வையில் மை கலங்கிப் போயிருந்தது. "எல்லாம் தெரியும் மிஸ், ஒண்ணும் வரல" என்றாள். என் அறைக்கு அழைத்துவந்து தண்ணீர் கொடுத்தேன். டம்ளர் பற்களில் தட்டியது. கொஞ்சம் ஆசுவாசமானதும், "எதுக்கும்மா இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கிறே?" என்று கேட்டேன்.

"600-க்கு 590 மிஸ்."

"சரி, 590 எதுக்கு?"

யோசித்தாள். பிறகு சொன்னாள்: "நீங்கதானே மிஸ் எழுதி ஒட்டச் சொன்னீங்க."

உண்மைதான். ஒவ்வொருவரும் தன் இலக்கு மதிப்பெண்ணைக் கலர் அட்டையில் எழுதி, பெயரோடு வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று ஜூலையில் சொன்னது நான்தான். மாநில ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. வாசல் வழியாகப் போனதை நான் கொல்லைப்புறமாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அதே வகுப்பில் இன்னொரு பையன். விடியற்காலையில் அப்பாவோடு வயலுக்குப் போய்விட்டுத்தான் பள்ளிக்கு வருவான். திருப்புதலில் இயற்பியல் 70-க்கு 41. "அடுத்ததுல ஏத்திடுறேன் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அசட்டை என்றே நினைத்தேன். ஒரு நாள் அவன் நோட்டை வாங்கிப் புரட்டினேன். மின்காந்தத் தூண்டல் பாடத்தின் ஓரங்களில் மட்டும் பென்சிலில் கம்பிச் சுருள் (காயில்) படங்கள், சுற்று எண்ணிக்கை போட்டு. என்ன என்று கேட்டதற்கு, "எங்க ஊர்ல போர் மோட்டார் காயில் எரிஞ்சா டவுனுக்குத் தூக்கிட்டுப் போய் நாலு நாள் காத்துக் கிடக்கணும் மிஸ். அதுக்குள்ள பயிர் காஞ்சிடும். நான் கத்துக்கிட்டா ஊர்லயே கட்டிக் கொடுத்துடுவேன்" என்றான்.

அவனுக்கும் பரீட்சை என்றால் வயிறு கலக்கத்தான் செய்கிறது. பயம் வந்தால் உடம்பு செய்கிற வேலை எல்லோருக்கும் ஒன்றுதான்: அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், சற்றுப் பொறுத்து கார்ட்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோன் கூடும். ஓடிப்போய் பஸ் பிடிக்கும்போதும் இதே படபடப்புதான்; அப்போது நாம் அதைக் கண்டுகொள்வதில்லை, ஏறி உட்கார்ந்ததும் மறந்துபோகிறோம். 41 வாங்கினாலும் அவனுடைய மோட்டார் அங்கேயே இருக்கிறது. பொறியியல் கிடைக்காவிட்டால் பாலிடெக்னிக், அதுவும் இல்லாவிட்டால் ஐ.டி.ஐ. என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். 590-ஐ மட்டும் வைத்திருந்த பெண்ணுக்கு முதல் ஒரு மதிப்பெண் கேள்வி தடுக்கியதுமே எல்லாம் முடிந்துபோயிற்று.

மதிப்பெண்ணைத் தாண்டி ஒரு நோக்கம் இருந்தால் பிள்ளை தாக்குப்பிடிக்கும் என்பது என் அனுமானம் மட்டுமல்ல. டேவிட் யேகர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவும் 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படிப்பது தனக்கு மட்டுமல்லாமல் பிறருக்கும் எப்படிப் பயன்படும் என்று உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஒரே ஒரு அமர்வில் யோசித்து எழுத வைத்தார்கள். சில மாதங்களுக்குப் பின் கணிதத்திலும் அறிவியலிலும் அவர்களுடைய மதிப்பெண் சற்று ஏறியிருந்தது. இப்படிப்பட்ட நோக்கம் உள்ளவர்கள், பக்கத்திலேயே வீடியோவும் விளையாட்டும் இருந்தும் சலிப்பூட்டும் கழித்தல் கணக்குகளை அதிக நேரம் விடாமல் போட்டார்கள். அந்த ஆய்வு டென்ஷனைப் பற்றியது அல்ல, சலிப்பைப் பற்றியது. ஆனால் பிப்ரவரியில் நம் பிள்ளைகளை வாட்டுவதில் பாதி, ஒரே பாடத்தை ஐந்தாவது முறை புரட்டுகிற சலிப்புதானே? டென்ஷனைப் பற்றித் தனியாகவே ஆய்வு உண்டு. அமெரிக்காவில் பெரியவர்களிடம் எட்டு நாள், தினமும் அன்றன்றைய தொல்லைகளைக் கேட்டுப் பதிவு செய்து, அந்த முடிவை 2018-ல் வெளியிட்டார்கள். வாழ்க்கையில் ஒரு நோக்கம் இருப்பதாக உணர்ந்தவர்களுக்கு, தொல்லை வந்த நாளில் மனம் சோர்வதும் உடம்பு படுத்துவதும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது.

உடனே இன்றிரவே பிள்ளையை உட்காரவைத்து "உன் லட்சியம் என்ன?" என்று கேட்டுவிடாதீர்கள். அதுவும் ஒரு வைவா, வாய்மொழித் தேர்வு, ஆகிவிடும். "நீ டாக்டராகித்தான் நம்ம குடும்பத்தைத் தூக்கி நிறுத்தணும்" என்பதும் வேண்டாம். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் அது உங்கள் லட்சியம், பிள்ளை தலையில் சுமை. பதினேழு வயதில் இன்னதுதான் என்று தெரியாமலிருப்பதிலும் தப்பில்லை. வங்கித் தேர்வில் இரண்டு முறை தோற்ற பிறகுதான் நான் பி.எட். சேர்ந்தேன், பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்த திண்ணையில்தான் இந்த வேலை எனக்குப் பிடித்தது. "எத்தனை மார்க்?" என்று கேட்கும் முன் "இன்னிக்கு யாருக்காவது ஏதாவது சொல்லிக் கொடுத்தியா?" என்று கேட்டுப் பாருங்கள். இப்போதைக்கு அது போதும்.

அந்த மாணவிக்கும் இன்னும் பெரிய லட்சியம் எதுவும் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு சாயங்காலம் அரை மணி நேரம் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறாள். திருப்புதலில் எல்லா விடையும் எழுதினாள். "கை வியர்க்குது மிஸ். கர்ச்சீப் வச்சிருக்கேன்" என்றாள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். நோக்கம் இருக்கிறது என்று அதைக் குறைக்க முடியாது. பிள்ளை நாள்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தாலோ, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி பேசினாலோ, அது நோக்கம் பற்றிப் பேசுகிற நேரமே அல்ல. தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் இரவிலும் தமிழில் பேசலாம், மருத்துவ உதவி எண் 104-ம் இருக்கிறது. எனக்கும் எந்த நேரமானாலும் போன் செய்யுங்கள்.

சுவரிலிருந்த அட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டோம். செல்லோடேப்போடு பெயின்ட்டும் பெயர்ந்து வந்துவிட்டது. வெள்ளையடிக்கத் தேர்வு முடியட்டும்.

வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாளை மடித்து எடுத்து வரும். "நான் படிப்பது யாருக்கு, எதற்கு உதவும்?" என்று அவர்களாகவே எழுதியது. நாங்கள் படிக்கவில்லை. அவர்களாகக் காட்டினால் படியுங்கள், காட்டாவிட்டால் கேட்க வேண்டாம். எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். முடிந்தால் அம்மா, அப்பா இருவருமே வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை