ஒரே தொழிலுக்கு ஆறு டொமைன்: எங்கள் தளத்தைப் பழையபடி ஆக்கிக் கொடுங்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்கள்

பொருள்: நீங்கள் விற்ற பல டொமைன் (இணைய முகவரி) திட்டத்தால் எங்கள் இணையதளம் கூகுள் தேடலில் கீழே போனதும், அதைச் சரிசெய்யாமல் அலைக்கழிப்பதும்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

இதற்கு முன் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் "உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது" என்ற தானியங்கிப் பதில்தான் வந்தது. ஒரு டிக்கெட் எண் கொடுக்கிறீர்கள், யாரும் படிக்காமலே அதை மூடிவிடுகிறீர்கள். மறுபடி கேட்டால் புது எண் கொடுத்து முதலிலிருந்து கதை சொல்லச் சொல்கிறீர்கள். இந்த முறை எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறேன். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் இதைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுதுபார்க்கிறோம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெயரில் ஒரே தளம் இருந்தது, பல வருடமாக ஓடிய தளம். கேட்டு வாங்காமல் மற்றவர்கள் தங்கள் தளங்களிலிருந்து தாங்களாகக் கொடுத்த இணைப்புகள் அதற்கு இருந்தன. உங்கள் விற்பனைப் பிரிவு வந்து, ஒரு தளத்திலிருந்து பொதுவாக இரண்டு முடிவுக்கு மேல் கூகுள் காட்டாது, 2019-லேயே அந்த மாற்றம் வந்துவிட்டது, ஆகவே தளங்களைப் பெருக்கினால்தான் முதல் பக்கத்தைப் பிடிக்கலாம் என்றது. சாதனத்தின் பெயரையும் 'சர்வீஸ்', 'ரிப்பேர்' என்ற சொற்களையும் சேர்த்து 5 புது டொமைன் வாங்க வைத்தீர்கள். அப்புறம் எங்கள் பழைய தளத்தில் இருந்த எழுத்தையே வெட்டி அந்த ஐந்திலும் ஒட்டினீர்கள். நிறத்தையும் தலைப்புப் படத்தையும் தவிர எதுவும் மாறவில்லை.

அதன் விளைவு உங்கள் பேனலிலேயே இருக்கிறது. ஒரே எழுத்து ஆறு இடத்தில் இருந்தால் கூகுள் ஒன்றை மட்டும் முதன்மையாக எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? எங்கள் ஏசி பக்கத்தை ஒதுக்கிவிட்டு, பிறந்து கண் விழிக்காத ஒரு புது டொமைனை எடுத்துக்கொண்டது. ஒரு தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுளே காட்டும் சர்ச் கன்சோலில் 'நகல் பக்கம், கூகுள் வேறொரு முதன்மை முகவரியைத் தேர்ந்தெடுத்தது' என்று வரிவரியாக வருகிறது. அந்தப் புது டொமைனுக்கு இணைப்பும் இல்லை, வயதும் இல்லை. அது எங்கே மேலே ஏறும்? ஒரு தளத்துக்குச் சேரவேண்டிய வலு ஆறாகச் சிதறி ஒன்றுக்கும் உதவாமல் போனது. போன் மணி அடிப்பதே நின்றுவிட்டது. எங்கள் தொழிலையே அழித்துவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

டொமைன் பெயரில் தேடுசொல் இருந்தாலே போதும் என்று உங்கள் ஆள் அடித்துச் சொன்னார். பெயரில் மட்டும் தேடுசொல்லை வைத்துக்கொண்டு உள்ளே தரமில்லாத தளங்களைக் கீழே தள்ளும் மாற்றத்தைக் கூகுள் 2012 செப்டம்பரில் அறிவித்தது. ஒரே தேடலுக்காக முகவரியையும் முகப்பையும் லேசாக மாற்றிப் பல தளம் வைப்பதை அதன் ஸ்பேம் கொள்கை 'டோர்வே' (வாசல் பக்கம்) என்று சொல்லி உதாரணமாகவே காட்டுகிறது. 2015-ல் இந்த வாசல் பக்கங்களுக்காகவே தனியாக ஒரு தரவரிசை மாற்றமும் வந்தது. இதே தொழிலைச் செய்யும் நீங்கள் இவற்றை அறியாமல் இந்தத் திட்டத்தை விற்றீர்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. பெயரைத் தப்பாகத் தட்டுபவர்களுக்காகக் கூடுதல் டொமைன் வாங்கி, அதை முதன்மைத் தளத்துக்குத் திருப்பி வைத்திருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

பணத்தைவிட எனக்கு வலித்தது வேறு. எங்களிடம் புதிதாக வந்த ஒருவர் விலை ஒப்பிட மூன்று தளங்களிலிருந்து எண் எடுத்து அழைத்திருக்கிறார். மூன்று தடவையும் எடுத்தது எங்கள் பையன்தான். மூன்று பெயரில் கடை நடத்துகிறீர்களே, இது மோசடிக் கூட்டமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இத்தனை வருடத்தில் எங்களை அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

சரி, இதைச் சொல்லத்தான் உங்கள் தொலைபேசிச் சேவைக்கு அழைத்தேன். அன்று எடுத்தவர் நான் பேசி முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. "கூகுள் எங்க கையிலயா இருக்கு? உங்க தளத்துல சரக்கு இருந்தா தானா மேல வரும் சார்" என்றார். உங்கள் கைக்கு வரும் முன் முதல் பக்கத்தில் இருந்த தளத்தைப் பற்றி இப்படிப் பேசினார்! மேலதிகாரியிடம் கொடுங்கள் என்றேன். "அவரும் இதைத்தான் சொல்வார்" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார். அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை நான் விடப்போவதில்லை.

நேரில் வந்தால் தீரும் என்று உங்கள் அலுவலகத்துக்கும் வந்தேன். பாதி நாள் வரவேற்பறையில் உட்காரவைத்தீர்கள். கடைசியில் ஒரு தம்பி வந்து, தொழில்நுட்பப் பிரிவு இந்தக் கட்டடத்திலேயே இல்லை, டிக்கெட் போடுங்கள் என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, மரியாதையாகத்தான் பேசினார். கட்டடத்தில் இல்லாத பிரிவைப் பார்க்க என்னை வரச்சொன்னது யார்?

ஐந்து டொமைனையும் பழைய தளத்துக்கே திருப்பிவிடுங்கள் என்று எழுதிக் கேட்டதற்கு நீங்கள் செய்த வேலை இன்னும் மோசம். நிரந்தர மாற்றத்துக்கு 301 என்ற திருப்பல் குறியீட்டைப் போட வேண்டும், நீங்கள் 302 போட்டீர்கள். அது தற்காலிகம்தான், பழைய முகவரியையே வைத்துக்கொள் என்று தேடுபொறிக்குச் சொல்வது போலாகும். ஒவ்வொரு பக்கத்தையும் அதற்கு இணையான பக்கத்துக்குத் திருப்பாமல் எல்லாவற்றையும் முகப்பில் கொண்டுபோய்க் கொட்டினீர்கள். கூகுள் அவற்றைப் பெரும்பாலும் இல்லாத பக்கமாகவே கணக்கிடும். போதாததற்கு இரண்டு டொமைனை, தேடுபொறி எதைப் பார்க்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். கூகுளை உள்ளேயே விடாவிட்டால் திருப்பியிருப்பது அதற்கு எப்படித் தெரியும்? இன்னொரு டொமைனில் பாதுகாப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதியாகி, வருகிறவர்களை 'பாதுகாப்பற்ற தளம்' என்ற எச்சரிக்கை விரட்டுகிறது.

டொமைன் உரிமை விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஐந்து புது டொமைனும் உங்கள் நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கின்றன. பணம் கொடுத்தது நாங்கள். பழைய டாட் காம் டொமைன் எங்கள் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் அது உங்கள் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது. புதுப்பிப்பு அறிவிப்புகளும் உங்களுக்கே வருகின்றன. அது காலாவதியாகி வேறு யாராவது எடுத்துக்கொண்டால் என்ன செய்வேன் என்று தூக்கம் வருவதில்லை. டாட் காம் டொமைனின் உரிமையாளர் கேட்டால், அதை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகத் தேவையான மாற்றக் குறியீட்டை 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதி. நான் கேட்டு அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது.

ஆகவே தயவுசெய்து இவற்றைச் செய்து கொடுங்கள். பழைய டொமைனின் மாற்றக் குறியீட்டை உடனே அனுப்புங்கள். மற்ற ஐந்தையும் எங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதுவரை பக்கத்துக்குப் பக்கம் 301 போட்டு, ரோபாட்ஸ் தடையை நீக்கி, சான்றிதழைப் புதுப்பித்து வையுங்கள். அந்தத் திருப்பல்களைக் குறைந்தது ஒரு வருடமாவது எடுக்காமல் வைத்திருக்கும்படி கூகுளே சொல்கிறது. சந்தா முடிந்தது என்று நடுவில் பிடுங்கிவிடாதீர்கள். பல டொமைன் திட்டத்துக்கு வாங்கிய தொகை முழுவதையும் திருப்பித் தாருங்கள்.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமல்ல. இதைச் செய்துவிட்டால் நானும் நிம்மதியாக என் வேலையைப் பார்ப்பேன். ஒரு வாரத்துக்குள் ஒரு மனிதர் எழுதிய பதில் வராவிட்டால் ஐகானிடமும் நுகர்வோர் நீதிமன்றத்திலும் புகார் கொடுப்பேன். ரசீது, ஒப்பந்தம், மூடப்பட்ட டிக்கெட்டுகள், சர்ச் கன்சோல் அறிக்கைகள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்