தண்ணீர் தெறித்ததும் இழுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சிங்கப்பூரின் பிடோக், லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கங்களில் மீன்பிடிக்க அனுமதியுள்ள இடங்களுக்குப் பிள்ளைகளோடு பெற்றோர் பலர் வருகிறார்கள். அங்கே உயிர் இரைக்கு அனுமதி இல்லை, செயற்கை இரை மட்டும்தான். அதனால் நீர்மேல் மிதக்கும் லூரையே (மீன் வடிவச் செயற்கை இரை) பலரும் முதலில் மாட்டுகிறார்கள். பீக்காக் பாஸ் மீன் அதைப் பாய்ந்து அடிக்கும் அழகைப் பார்த்த பிள்ளை வேறு எதையும் கேட்காது. ஆனால் அந்த லூரில் மும்முனைக் கொக்கிகள் இரண்டு, ஆக மொத்தம் ஆறு முனைகள். மீன் மேலே வரும் காலை 7 முதல் 9 மணியும், மாலை வெயில் தாழும் நேரமும்தான் பாதையில் மெதுவோட்டக்காரர்களும் அதிகம் வரும் நேரம்.

வீசும்போதுதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட மோசம் திரும்பிப் பாய்ந்து வரும் லூர். பீக்காக் பாஸ் திலாப்பியாவின் உறவு மீன். தன் இடத்துக்குள் நுழைந்ததை விரட்டும் குணம் அதற்கு உண்டு. அதனால் பல சமயம் லூரை விழுங்காமல் மோதிவிட்டு மட்டும் போகும். தண்ணீர் தெறித்த நொடியில் தூண்டில் கோலை வெடுக்கென்று மேலே தூக்கினால், வாயில் சிக்காத லூர் இழுத்தவர் முகத்துக்கே வரும். தூண்டிலில் கட்டும் பின்னல் நூல் இழுத்தால் நீளாது என்பதால் இழுத்த வேகம் முழுவதும் லூரில் ஏறிவிடும்.

சத்தத்துக்கு இழுக்கவே கூடாது. லூரை ஆட்டிக்கொண்டே இருங்கள். கோலில் கனம் தெரிந்த பிறகு, முனையைத் தாழ்த்தியபடி பக்கவாட்டில் இழுங்கள். தவறினாலும் லூர் தண்ணீரை உரசிக்கொண்டுதான் வரும். தவறிய மீன் உடனே ஓடிவிடும் என்றும் இல்லை. இரண்டு நொடி நிறுத்தி மறுபடி ஆட்டினால் திரும்பி வந்து அடிப்பதுண்டு.

ஆட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பென்சில் போல் நீண்டு ஒல்லியான லூர் இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பித் திருப்பி வர வேண்டும். நூல் விறைப்பாகவே இருந்தால் அது நேராக இழுபடும். மணிக்கட்டால் ஒரு சுண்டு சுண்டி, உடனே கோல்முனையை லூர் பக்கம் விட்டுக்கொடுங்கள். அந்தத் தளர்வில்தான் தலை திரும்புகிறது. பாப்பர் என்னும் குழிந்த வாயுள்ள லூருக்கு ஒரே ஒரு 'பொளக்' சத்தம் போதும். பிறகு வட்ட அலை அடங்கும்வரை கையை அசைக்காமல் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதுதான் கடினம்.

மும்முனைக் கொக்கிகளைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கொக்கிகளை மாட்டுங்கள். கொக்கி முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். சதையில் ஏறினாலும் எளிதாக வெளியே வரும், மீனின் வாயும் கிழியாது. மீன் நழுவிவிடும் என்ற பயம் வேண்டாம். நூலைத் தளரவிடாமல் இருந்தால் போதும். கொக்கி மாற்றியதும் வாளித் தண்ணீரில் லூரைப் போட்டுப் பாருங்கள். வால் சற்றுத் தாழ்ந்து, மூக்கு வெளியே நின்றால் சரி. உடல் முழுதும் அமிழ்ந்தால் கொக்கி கனம் அதிகம்.

7 முதல் 9 சென்டிமீட்டர் லூருக்கு 20 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நூலும், அதன் முனையில் சுமார் 60 சென்டிமீட்டர் சாதாரண நைலான் நரம்பும் போதும். ஃபுளோரோகார்பன் நரம்பு வேண்டாம். அது தண்ணீரில் மூழ்கும், லூரின் மூக்கையும் கீழே இழுக்கும். தோமான் (பெரிய விரால் வகை) மீன் இருக்கும் இடமானால் முனை நரம்பு 40 பவுண்டுக்குக் குறையக் கூடாது. அதன் பல் மெல்லிய நரம்பை அறுத்துவிடும். பிறகு வாயில் லூரோடுதான் அந்த மீன் திரிய வேண்டும்.

லூர் மரக்கிளையில் மாட்டிக்கொண்டால் கோலை வளைத்து இழுக்காதீர்கள். விடுபடும்போது கவணில் எய்தது போல் வரும். கோலை நூலின் நேருக்குப் பிடித்து, ரீல் சுழலாதபடி அழுத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்லப் பின்னால் நடங்கள். நூலை வெறுங்கையில் சுற்றினால் விரல் அறுபடும். அறுந்த நூலைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். கரையில் கிடந்தால் பறவைகளின் காலில் சிக்கும்.

சிறுவர் தூண்டில் செட் விற்கும் கடைக்காரர்கள் ஒற்றைக் கொக்கி மாட்டியே விற்க முன்வர வேண்டும். மீன்பிடி இடங்களின் விதிப் பலகைகளில் கொக்கியைப் பற்றி இரண்டு வரி சேர்க்கும்படி பொதுப் பயனீட்டுக் கழகத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.

ஈசூன் வட்டார வாசகர்கள்