பில்லில் ஒரு வரி எழுதித் தாருங்கள்

கிளிநொச்சி, பரந்தன், முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் கருவிக் கடை நடத்தும் முதலாளிமாருக்கும், அவர்களுக்குக் கொழும்பிலிருந்து சரக்கு அனுப்பும் இறக்குமதியாளர்களுக்கும்,

வணக்கம். விசுவமடுவிலிருந்து எழுதுகிறேன். வயரில்லாத மெசின் வாங்கி, பற்றறி செத்த பிறகு அதைப் பையில் போட்டுக்கொண்டு உங்கள் கடைவாசலுக்குத் திரும்பி வருகிறவர்களை நீங்கள் அறியாதவர்கள் அல்ல. அவர்களில் நானும் ஒருத்தி.

நான் வாங்கியது கொப்பு வெட்டுகிற சின்ன செயின்சோ. எங்கள் வளவைச் சுற்றிக் கிளுவை வேலி. வெட்டிய குழையை ஆடு தின்னும், வேலியும் ஒழுங்காக நிற்கும். கிணற்றடிக்கு அப்பால் கரண்ட் இல்லை. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற பெற்றோல் மெசினுக்கு என் தோள்மூட்டு ஒத்துவராது. இழுத்துத் தரவும் வீட்டில் ஆம்பிளை இல்லை. அதனால்தான் பற்றறி மெசின். "அக்கா, இது 128 வோல்ட், மரமே விழும்" என்றார் கடைத் தம்பி. பெட்டியிலும் அந்த 128 கொட்டை எழுத்தில் இருந்தது. 18,500 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன்.

மரம் விழவில்லை. வாங்கிய ஏழாம் மாதம் விழுந்தது பற்றறிதான். இரவு முழுக்கச் சார்ஜில் போட்டால் பச்சை விளக்கு எரியும். காலையில் இரண்டு கொப்புக்குச் சங்கிலி நின்றுவிடும்.

எங்கள் சந்தியில் ரேடியோ திருத்துகிறவர் அந்தப் பற்றறியின் நாலு ஸ்குரூவைக் கழற்றி என் முன்னாலேயே பிரித்தார். உள்ளே விரல் பருமனில் ஐந்து லித்தியம் செல்கள். ஒன்று 3.6 வோல்ட், ஐந்தையும் தொடராகக் கோர்த்தால் 18. முழுச் சார்ஜில் 21 மட்டும் போகும், அதற்கு மேல் இல்லை. அப்படியானால் 128 எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். "பெட்டி அச்சடிச்ச இடத்தில இருந்து" என்றார்.

நல்ல கம்பனிக்காரரும் 18 என்றும் 20 என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். அது பரவாயில்லை. அதே ஐந்து செல்தான், ஒருவர் வேலை செய்யும்போது உள்ளதைச் சொல்கிறார், மற்றவர் சார்ஜ் நிரம்பியதும் உள்ளதைச் சொல்கிறார். ஆனால் எவ்வளவு நேரம் ஓடும் என்று அறிய வோல்ட் மட்டும் போதாது, அம்பியர் மணியும் வேண்டும். 18 வோல்ட்டில் 2 அம்பியர் மணி என்றால் 36 வாட் மணி, 4 என்றால் 72. இந்தச் சின்னப் பெருக்கலைப் பெட்டியில் போட மை போதாமலா போய்விட்டது?

சரி, பற்றறி தேய்கிற சாமான், அது எனக்கும் விளங்கும். புதுசு ஒன்று தாருங்கள், காசு தருகிறேன் என்றுதான் கிளிநொச்சிக்கு பஸ் ஏறினேன். "அந்த மொடல் இப்ப வாறதில்லை அக்கா. கொழும்புக்கு அனுப்பிப் பாருங்கோ, பற்றறியோட அனுப்போணும்" என்றார்கள். பார்சல் அனுப்பும் இடத்துக்குப் போனேன். "உள்ளுக்கு என்ன?" என்று கேட்டார்கள். மெசின் என்றேன். "பற்றறி இருக்கோ?" இருக்கு என்றேன். லித்தியம் பற்றறி தீப்பிடிக்கும், ஏற்ற மாட்டோம், கழற்றிவிட்டுத் தாருங்கள் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அது எரியக்கூடிய சாமான்தான். திரும்பக் கடைக்குப் போனேன். பற்றறி இல்லாமல் அனுப்பினால் கொழும்பில் பார்க்க மாட்டார்களாம். கடைக்கும் பார்சல் இடத்துக்கும் இடையில் ஒரே வெயிலில் நாலு தடவை நடந்தேன். இனி அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நானே பஸ்ஸில் போக வேண்டும். வேலியில் நாலு கொப்பு வெட்டுவதற்கு.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. பற்றறி மெசின் விற்கும்போது அதன் உண்மையான வோல்ட், அம்பியர் மணி, அதே பற்றறி தனியாக எத்தனை வருடத்துக்கு எந்தக் கடையில் கிடைக்கும் என்பதைப் பில்லில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.

முடியாத காரியம் இல்லை. மகிற்றா கம்பனி 2005இல் கொண்டுவந்த 18 வோல்ட் வரிசைக்கு இன்றும் பற்றறி விற்கிறது. ட்ரில் வாங்கியவர் பிறகு அதே வரிசையில் புல்லு வெட்டுகிற மெசினை வெறும் உடலாக வாங்கி, இருக்கிற பற்றறியையே போட்டுக்கொள்ளலாம். வாங்கும் ஆளுக்கு யாராவது சொன்னால்தான் அது தெரியும். பொஷ் கம்பனியில் பச்சை நிற 18 வோல்ட் பற்றறி நீல நிற மெசினுக்குப் பொருந்தாது என்பதையும் யாரும் சொல்வதில்லை. என் பக்கத்து வீட்டில் மூன்று மெசின், மூன்று பற்றறி, மூன்று சார்ஜர். ஒன்று மற்றதற்குள் போகாது. சார்ஜரின் பின் நம்முடைய பிளக்குக்கும் போகாது, அதற்கு வேறு அடப்ரர்.

சொல்லாமல் விட்டால் நெஞ்சு ஆறாது, இதையும் சொல்கிறேன். வோல்ட் கணக்கைக் கேட்டபோது ஒரு கடையில் "வீட்டில ஐயா இல்லையோ, அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்கள். ஐயா 2009 உடன் போய்விட்டார். இந்தப் பக்கத்தில் எத்தனை வீடுகளில் ஐயா இல்லை என்று வன்னியில் கடை வைத்திருக்கிறவருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? இனி ஒரு பலகை தொங்கவிடுங்கள்: பெண்கள் காசு மட்டும் கொண்டு வரவும், கேள்வி கொண்டு வர வேண்டாம். விளக்கப் புத்தகமோ சீன மொழியிலும் எனக்கு விளங்காத ஆங்கிலத்திலும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியல் யாப்பில் எழுதினார்கள். அது மெசின் பெட்டிவரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. சூடான பற்றறியை உடனே சார்ஜில் போடாதே, தகரக் கொட்டிலில் வைக்காதே என்று இரண்டு வரி தமிழில் இருந்திருந்தால் என்னுடையது இன்னும் கொஞ்சக் காலம் ஓடியிருக்கும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில், வாங்குகிறவரைத் தவறாக வழிநடத்தக் கூடாது என்று 30ஆம் பிரிவு இருக்கிறது. முறைப்பாடு சொல்ல அந்த அதிகாரசபைக்கு 1977 என்று ஒரு தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. அதை அழுத்துவதற்கு முன் உங்களிடம்தான் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். நீங்களும் எங்கள் ஊர் ஆட்கள், கொழும்பிலிருந்து வருகிற பெட்டியைத்தான் விற்கிறீர்கள். அந்த வரியை உங்களுக்கு எழுதித் தரவேண்டியவர்கள் இறக்குமதியாளர்கள். அவர்களிடம் நீங்கள் கேளுங்கள், உங்களிடம் நாங்கள் கேட்கிறோம்.

செயின்சோ விறாந்தை ஆணியில் தொங்குகிறது, உடலுக்கு ஒரு குறையும் இல்லை. கிளுவையைப் பழையபடி கத்தியால்தான் வெட்டுகிறேன். ஐப்பசி மழைக்கு முன் ஒரு ட்ரில் வாங்க வேண்டும், வருவேன். தயவுசெய்து பில் புத்தகத்தில் அந்த ஒரு வரிக்கு இடம் விட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
விசுவமடுவிலிருந்து உங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருத்தி