கண்ணாடி பிள்ளையின் முகத்தில் இருக்கட்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டது. விடியும் முன்பே தோட்டத்துக்குக் கிளம்பி, பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறீர்கள். பள்ளியில் கூட்டம் என்று கூப்பிட்டால் உங்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உங்கள் பிள்ளையே இதைச் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். வீட்டில் எல்லோரும் கேட்க வேண்டிய சங்கதிதான்.

போன பருவத்தில் நம் பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பதினொரு பிள்ளைகளுக்குக் கண்ணாடி வேண்டும் என்று சொன்னார்கள். காசு எதுவும் வாங்காமல் கண்ணாடியும் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றையும் நானே உங்கள் கையில் கொடுத்தேன். இந்தத் திங்கட்கிழமை வகுப்பு வகுப்பாகப் போய்ப் பார்த்தேன். நான்கு பேர் முகத்தில்தான் கண்ணாடி இருந்தது. மற்றவர்களைக் கேட்டால், "அம்மா பீரோவுல வச்சிருக்காங்க டீச்சர்" என்கிறான் ஒருவன். "உடைஞ்சு போயிரும், ஊருக்குப் போறப்ப போட்டுக்கலாம்னு பாட்டி சொல்லிச்சு" என்கிறாள் இன்னொருத்தி. ஒரு பெண் பதிலே சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் பத்திரமாக இருக்கும் அந்த ஏழு கண்ணாடிகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். போன வருடம் முழுக்க அவன் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவான். காப்பி அடிக்கிறான் என்று நானே இரண்டு தடவை எழுப்பி நிற்க வைத்தேன். கணக்குப் பாடத்தில் மூன்றை எட்டாக எழுதுவான். பந்து பிடிக்க வராது என்று விளையாட்டில் சேர்க்க மாட்டார்கள். பஸ் வந்தால் போர்டைப் பார்க்காமல், "அண்ணே, இது எந்த ஊருக்குப் போகுது?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பான். படிப்பில் நாட்டமில்லாத பிள்ளை என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். பரிசோதனையில் இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 2 பவர் என்று வந்தது.

கண்ணாடி வந்த அன்று என் அறையிலேயே அதைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் சுற்றிலும் பார்த்தான். பிறகு கூரை மூலையைக் காட்டி, "டீச்சர், அங்க குளவிக்கூடு இருக்கு" என்றான். அந்தக் கூடு இரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறது. அந்த அறைக்கு வந்துபோகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை, கண் தெரியவில்லை என்று வீட்டிலாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நினைச்சேன் டீச்சர்" என்றான்.

இதை நீங்கள் மனதில் வைக்க வேண்டும். பிறந்ததிலிருந்து மங்கலாகவே பார்க்கும் பிள்ளைக்கு மங்கல் என்றால் என்னவென்று தெரியாது. வலி கிடையாது, கண் சிவக்காது, தண்ணீர் வடியாது. அது வந்து சொல்லும் என்று நாம் காத்திருக்கக் கூடாது. கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா, தலையைச் சாய்த்துப் பார்க்கிறதா, புத்தகத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகிறதா, டி.வி.க்கு ஒட்டிப்போய் உட்காருகிறதா, சாயங்காலமானால் தலைவலி என்கிறதா என்று நாம்தான் கவனிக்க வேண்டும்.

"கண்ணாடி எதுக்குங்க டீச்சர், முதல் பெஞ்சுல உட்கார வச்சா போதாதா?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான், அதனால் கணக்காகவே சொல்கிறேன். கிட்டப்பார்வை உள்ள பிள்ளையின் கண்விழி கொஞ்சம் நீண்டிருக்கும். அதனால் பார்க்கும் பொருளின் உருவம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடும். மைனஸ் 1 பவர் என்றால் ஒரு மீட்டர் வரைக்கும்தான் தெளிவு. மைனஸ் 2 என்றால் அரை மீட்டர், அதாவது ஒன்றரை முழம் கூட இல்லை. கையிலிருக்கும் புத்தகம் பளிச்சென்று தெரியும், அதைத் தாண்டினால் மங்கல்தான். முதல் பெஞ்சிலிருந்து கரும்பலகைக்கு இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கிறது. மழைக் காலத்தில் மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்துவிடும், கரண்ட்டும் போய்விடும். அன்றைக்கு அந்தப் பிள்ளை எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.

அடுத்தது, கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்ற பயம். பவர் ஏறுவது உண்மை. ஆனால் அதற்குக் கண்ணாடி காரணம் இல்லை. பிள்ளை வளர வளரக் கண்விழியும் வளர்கிறது, அதனால் ஏறுகிறது. போன வருடம் தைத்த சட்டை இந்த வருடம் பத்தவில்லை. சட்டை போட்டதாலா பிள்ளை வளர்ந்தான்? கண்ணாடியைக் கழற்றி வைத்தால் பவர் நிற்காது, பாடம்தான் நிற்கும். வருடத்துக்கு ஒரு தடவை மறுபடி பரிசோதித்து, தேவைப்பட்டால் கண்ணாடியை மாற்ற வேண்டும். கிட்டப்பார்வை வராமல் தடுக்கப் பிள்ளைகள் தினமும் இரண்டு மணி நேரமாவது வெளிச்சத்தில் திறந்த வெளியில் இருப்பது நல்லது என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். மலையில் அதற்குக் குறைவில்லை, செல்போனைக் கொஞ்சம் வாங்கி வைத்தால் போதும்.

பொன்னாங்கண்ணியும் முருங்கைக் கீரையும் கண்ணுக்கு நல்லதுதான், தாராளமாகக் கொடுங்கள். அவற்றிலிருந்து கிடைக்கும் வைட்டமின் ஏ மாலைக்கண் வராமல் காக்கும். நீண்டுபோன விழியைக் கீரை சுருக்காது. விளக்கெண்ணெய், தாய்ப்பால், இலைச் சாறு எதையும் கண்ணில் விட வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அதனால் கண்ணில் புண் வந்து பார்வையே போய்விடலாம்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்கு மிகவும் கவலை. ஒரு கண்ணில் மட்டும் பவர் இருந்தால் வெளியே தெரியவே தெரியாது. நல்ல கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்த்துப் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். மங்கலான கண்ணை மூளை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடும். சோம்பல் கண் என்பார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்துக் கண்ணாடி போட்டால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். நாள் போகப் போகக் கஷ்டம். இன்று ராத்திரியே வீட்டில் ஒரு காரியம் செய்யுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரிலிருந்து சற்றுத் தள்ளிப் பிள்ளையை நிறுத்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லித் தேதியைப் படிக்க வையுங்கள். பிறகு அடுத்த கண். அங்கன்வாடிக்குப் போகும் குட்டிகளுக்கும் படத்தைக் காட்டிச் செய்து பாருங்கள். ஒரு கண்ணை மூடினால் மட்டும் அழுதாலோ கையைத் தட்டிவிட்டாலோ உடனே என்னிடம் சொல்லுங்கள்.

தரையைப் பார்த்து நின்றாளே அந்தப் பெண், அவளைத் தனியாக அழைத்துப் பேசினேன். பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு மாப்பிள்ளை அமையாது என்று வீட்டில் பேச்சு வந்ததாம். அந்த வீட்டுப் பெரியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கவலையும் பாசத்தில் வருவதுதான். ஆனால் அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. கல்யாணத்துக்கு இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது, அரையாண்டுத் தேர்வு அடுத்த மாதம் இருக்கிறது. நானும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறவள்தான். அது இல்லாமல் இருந்தால் டீச்சர் வேலைக்கு வந்திருக்கவே மாட்டேன். "சோடாபுட்டி" என்று கேலி பேசும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லிக் காலை வழிபாட்டில் பேசியிருக்கிறேன். கேலி செய்தது யாராக இருந்தாலும் என்னிடம் வந்து பதில் சொல்ல வேண்டும்.

கண்ணாடியால் மதிப்பெண் ஏறுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மேற்குச் சீனாவில் நம்மைப் போலவே கிராமப்புறம் நிறைந்த பகுதிகளில், 250க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடத்தி 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளில் பார்வைக் குறை உள்ளவர்களுக்குச் சில பள்ளிகளில் மட்டும் இலவசக் கண்ணாடி கொடுத்தார்கள். கல்வி ஆண்டின் கடைசியில் கணக்குத் தேர்வு வைத்தபோது, இலவசமாகக் கொடுத்த பள்ளிப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வாங்கியிருந்தார்கள். அங்கேயும் நம் கதைதான். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தபோது, இலவசக் கண்ணாடி வாங்கியவர்களில் பாதிப் பேர்கூடப் போட்டிருக்கவில்லை.

இது பிள்ளைகளோடு நிற்கிற விஷயமும் இல்லை. சேலத்தில் என் அப்பா வெள்ளிக் கொலுசு வேலை செய்தவர். நாற்பது தாண்டியதும் கண்ணி கோக்க முடியாமல் விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு உட்காருவார். வேலை பாதியாகக் குறைந்தது. வயசாகிவிட்டது என்று நாங்களும் நினைத்தோம். படிக்கும் கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டதும் பழைய வேகம் வந்துவிட்டது. அஸ்ஸாமில் தேயிலை பறிக்கும் 40 வயது தாண்டிய தொழிலாளர்களுக்குக் கிட்டத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. அவர்கள் பறிக்கும் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. பழுத்ததையும் காயையும் பிரித்துப் பறிக்கும் நம் பாட்டிகளுக்கும், அம்மாக்களுக்கும் இது பொருந்தும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கண்ணாடியைக் காலையில் முகம் கழுவியதும் போட்டு, ராத்திரி படுக்கும்போது கழற்றினால் போதும். இரண்டு கையாலும் பிடித்துக் கழற்றச் சொல்லுங்கள். தண்ணீரில் கழுவிப் பழைய பருத்தித் துணியால் துடைக்கட்டும். சட்டை நுனியாலோ தாவணியாலோ துடைத்தால் கீறல் விழும். அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் வைக்க வேண்டாம், புகை படிந்துவிடும். முதல் சில நாள் தரை உயர்ந்து தாழ்ந்த மாதிரி இருக்கும், தலை சுற்றும். அது போகப் போகச் சரியாகும். அப்படியும் வலி இருந்தால் பவரைத் திரும்பப் பார்க்க வேண்டும். உடைந்துவிட்டால் பிள்ளையை அடிக்காதீர்கள், என்னிடம் கொண்டு வாருங்கள். சின்னப் பிள்ளை கையில் இருக்கும் பொருள் உடையத்தான் செய்யும்.

வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கண் மருத்துவ உதவியாளர் மறுபடி பள்ளிக்கு வருகிறார். 2009 முதல் 'கண்ணொளி காப்போம்' என்று தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்துவரும் ஏற்பாடு இருக்கிறது, அதனால் செலவு எதுவும் கிடையாது. நீங்கள் வேலையை விட்டு வர வேண்டியதில்லை. இத்துடன் உள்ள தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து அனுப்பினால் போதும். சில பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள். அன்று முழுக்கக் கிட்டத்தில் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். பயப்பட வேண்டாம், தானாகச் சரியாகிவிடும். சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னால் பிள்ளைகளோடு நானோ அறிவியல் டீச்சரோ பஸ்ஸில் இறங்கிப் போய்க் கூட்டி வருகிறோம்.

பீரோவில் இருக்கும் ஏழு கண்ணாடிகளும் நாளைக் காலை பிள்ளைகளோடு பள்ளிக்கு வர வேண்டும். வாசலிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியை,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
சேர்வராயன் மலை, சேலம் மாவட்டம்.