பொது இதழ்ப் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் ஆசிரியர் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் மன்றம் பொதுச் சந்தாவில் வாங்கிப் பள்ளி நூலகத்தில் பேணிவரும் ஆசிரியர் இதழ்கள் பற்றிய ஆண்டறிக்கையை அவைமுன் வைக்கிறேன்.

இவ்வாண்டின் முதன்மையான மாற்றம் சுற்றுமுறையில் செய்யப்பட்டது. முன்பு, அட்டையில் பெயர்ப் பட்டியல் ஒட்டிய இதழ் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு நேரே சென்றது. இடையில் ஒருவர் விடுப்பில் போனாலோ விடைத்தாள் கட்டுகளுக்குள் மூழ்கினாலோ இதழ் அவருடைய மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடும். பருவத் தொடக்கத்தில் பயன்பட வேண்டிய கட்டுரை, பட்டியலின் கடைசியில் இருப்பவருக்குத் தேர்வு நெருங்கும்போதுதான் கிடைக்கும். இப்போது ஒவ்வொருவரும் படித்து முடித்ததும் இதழை நூலகத்தில் சேர்ப்பிக்க, அங்கிருந்தே அது அடுத்தவருக்கு வழங்கப்படுகிறது. நூலகருக்கு இது கூடுதல் சுமை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எந்த இதழ் யாரிடம் இருக்கிறது என்பதைப் பதிவேட்டைப் புரட்டிய மாத்திரத்தில் சொல்ல முடிகிறது என்பதால், இம்முறையே தொடர வேண்டும் என்பது என் கருத்து.

ஒவ்வோர் இதழுக்கும் தனிப் பதிவு அட்டை வைத்து, வந்த அன்றே மலர் எண்ணும் இதழ் எண்ணும் குறிக்கப்படுகின்றன. வராத இதழைக் காலம் தாழ்த்திக் கேட்டால் பதிப்பகத்தாரிடம் பிரதி மிஞ்சியிருப்பதில்லை. எண் வரிசையில் விழும் இடைவெளி உடனே கண்ணில் பட்டால்தான் கேட்டுப் பெறலாம். பெயர் மாறிய இதழ்களைப் பிரித்தறிய, இதழின் மேலட்டையில் அச்சாகும் எட்டு இலக்கப் பன்னாட்டுத் தரத் தொடர் வெளியீட்டு எண்ணையும் (ISSN) சேர்த்து எழுதுகிறோம். தலைப்பு பெரிதும் மாறினால் அவ்வெண்ணும் மாறும்.

நடுப்பக்கத்தில் வரும் வண்ண வரைபடத்தை உருவி வகுப்பறைச் சுவரில் ஒட்டும் வழக்கம் இன்னும் முற்றிலும் நின்றபாடில்லை. கம்பி ஊசி மட்டும் துருத்திக்கொண்டிருக்கும் இதழை அடுத்து எடுப்பவருக்கு, போனது எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரிவதில்லை. வரைபடத்தை நூலகரே முறையாகப் பிரித்தெடுத்து, தனி உறையிலிட்டு, இதழைப் போலவே இரவல் தருவது என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது. (நல்ல நோக்கத்தோடு கிழித்தாலும் கிழித்தது கிழித்ததுதான்!)

எஸ்.ஆர். இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. பழைய இதழ்களைப் பொறுத்தவரை நாம் அதில் பின்தங்கியே இருந்தோம். பின்னக் கணக்கைச் செய்முறையாகக் கற்பிக்கும் கட்டுரை ஒன்று எப்போதோ வந்தது என்று நினைவிருக்கும். எந்த மாதம் என்பது நினைவிருக்காது. ஆகவே கட்டுரைகளுக்குப் பொருள்வாரி அடைவு தொடங்கப்பட்டுள்ளது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் தூவி (Dewey) தசம வகைப்பாட்டின்படி தொடக்கக் கல்வி 372, சிறப்புக் கல்வி 371.9, கணிதம் 510 என்ற எண்களின் கீழ், தலைப்பு, மலர், இதழ், பக்கம் ஆகியவை ஒரே வரியில் பதிவாகின்றன. எல்லாக் கட்டுரைகளையும் சேர்க்க முயன்றால் பணி பாதியில் நின்றுவிடும்; பாராட்டு விழாச் செய்திகளையும் மாறுதல் அறிவிப்புகளையும் விட்டுவிட்டு, வகுப்பறையில் கைகொடுப்பவற்றை மட்டுமே எடுக்கிறோம்.

பழைய தொகுதிகளுள் அடைவில் இடம்பெற்றவை மட்டும் பைண்டிங் செய்யப்படும். உள் ஓரம் குறுகிய இதழ்களில் தையல் எழுத்தை விழுங்கிவிடுவதால், அவை அட்டைப் பெட்டிகளில் நிறுத்தி வைக்கப்படும். எஞ்சியவற்றைக் கழிக்க இப்பொதுக்குழு ஒப்புதல் அளிக்க வேண்டும் என்றும், அடைவுப் பணிக்குப் பாடத்திற்கு ஒருவர் இன்றே பெயர் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்